அடையாளம் தெரியாத நபர்

புதிதாகத் துப்புரவு ஆய்வாளராகச் சேரும் உங்கள் பயிற்சி வகுப்பில் வந்து பேசச் சொல்லி இரண்டு முறை கேட்டார்கள். இரண்டு முறையும் முட்டிவலி என்று தட்டிக் கழித்தேன். மூன்றாவது முறை, எழுதித் தருகிறேன் என்றேன். மேடையில் ஏறினால் நான் செய்த நல்ல காரியங்களை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். முப்பத்தோரு வருடம் அரசு வேலை பார்த்தவனுக்கு அது தானாக வரும். எழுதும்போது அப்படித் தப்பிக்க முடியாது என்று நினைத்தேன். எழுத்திலும் தப்பிக்க முடியும் என்பதும் எனக்குத் தெரியும். நான் சொல்லப்போவதே அதைப் பற்றித்தான்.

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் கடைசி ஏழு வருடம் துப்புரவு ஆய்வாளராக இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள், என்னைத் திட்ட வேண்டிய அளவுக்குக்கூடத் திட்டவில்லை. குப்பை, சாக்கடை, கொசு மருந்து, செத்துக் கிடக்கும் மாடு, குடிநீர்த் தொட்டிக்குக் குளோரின், கடைகளில் பிளாஸ்டிக் பை சோதனை என்று எல்லாம் ஒரே ஆளின் தலையில். உங்கள் கையேட்டில் சுற்றுச்சூழல் ஒரு அத்தியாயம், பொதுமக்கள் பாதுகாப்பு வேறொரு அத்தியாயம். எங்கள் ஊரில் அந்த இரண்டுக்கும் நடுவே இருந்தது ஏழடி உயரச் செங்கல் சுவர் ஒன்றுதான். சுவருக்கு வடக்கே பேரூராட்சியின் உரக்கிடங்கு. தெற்கே அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி.

உரக்கிடங்குக்கு வளம் மீட்புப் பூங்கா என்று பெயர் மாற்றிப் பலகை வைத்திருந்தோம். பெயருக்கு ஏற்றபடி ஓரளவு நடத்தவும் செய்தோம். மக்கும் குப்பை தொட்டிகளுக்குப் போய் உரமாகும். பாட்டில், அட்டை, இரும்பு தனியாகப் பிரியும். எதற்கும் உதவாத பாலிதீன் கவர்கள் மட்டும் மிஞ்சும். அதைக் கட்டுக் கட்டாகக் கட்டி வைத்தால், சிமெண்டு ஆலைக்குக் கொண்டுபோக லாரி வரும். வரும் என்றால், வரும்போது வரும்.

அங்கே வேலையை நடத்தியவர் மாதம்மாள். பதிவேட்டில் அவர் மற்றவர்களைப் போல ஒரு தூய்மைப் பணியாளர். ஆனால் எந்தத் தொட்டி எப்போது சூடேறும், எந்த வண்டி எந்தத் தெருவில் என்ன கலந்து கொண்டு வரும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஒல்லியான ஆள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, சத்தம் போடாமல் வேலை வாங்குவார். எனக்குக் கீழே இருந்தார் என்று சொன்னால் அது பதிவேட்டின் கணக்கு.

அந்த வருடம் மாசி மாதத்தில் தூய்மைத் தரவரிசை ஆய்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது. லாரி வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பாலிதீன் கட்டுகள் வாசலிலேயே மலைபோல நின்றன. புகைப்படத்தில் அதுதான் முதலில் விழும். கொட்டகைக்குப் பின்னால், பள்ளிச் சுவரை ஒட்டி இருந்த காலி இடத்தில் எல்லாவற்றையும் ஒரே கும்பியாகக் குவித்து அடுக்கி, மேலே பச்சை நிழல்வலை போட்டு மூடச் சொன்னேன். தூரத்திலிருந்து பார்த்தால் நாற்றுப் பண்ணை போல இருக்கும் என்பது என் யோசனை. அந்த யோசனையில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மாதம்மாள் கட்டைத் தூக்கவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அங்க வேணாங்க சார். பள்ளிக்கொடத்துச் சொவருங்க அது. இன்னும் பத்து நாள் போனா அனல் காத்து அடிக்கும். ஒரே கும்பியா வெக்காம கூறு கூறா தள்ளித் தள்ளி வெச்சமுன்னா, ஒண்ணு தீப் புடிச்சாலும் ஒண்ணோட போயிருமுங்க."

"ரெண்டே நாள்தாம்மா. ஆய்வு முடிஞ்சதும் பிரிச்சு வெச்சுக்கலாம்."

"சரிங்க சார்" என்றார். சரிங்க சார் என்பதற்கு எங்கள் அலுவலகத்தில் பல அர்த்தம் உண்டு. அன்றைக்கு அதன் அர்த்தம், உங்களிடம் சொல்லியாகிவிட்டது என்பது.

ஆய்வு நன்றாக முடிந்தது. குழுவில் ஒருவர் பச்சை வலையைக் காட்டி, அது என்ன செடி என்றுகூடக் கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அதற்குப் பிறகு பேருந்து நிலையத்தில் சாக்கடை அடைப்பு, இரண்டு வார்டில் காய்ச்சல் என்று வரிசையாக வந்தது. இரண்டு நாள் மூன்று வாரமாகிவிட்டது. நான் மறந்தேன் என்று சொல்வது பாதி உண்மை. உரக்கிடங்குக்குப் போகும்போதெல்லாம் வலை கண்ணில் பட்டது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்தேன்.

தீப்பிடித்த அன்று பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு. காலை பத்தே முக்கால் இருக்கும். நான் ஊரின் மறுகோடியில் ஒரு சாக்கடையின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். மாதம்மாள் போன் செய்தார்.

"சார், கும்பி புடிச்சுக்கிச்சுங்க. வல மொத்தமும் போயிருச்சு. காத்து பள்ளிக்கொடத்துப் பக்கமா அடிக்குதுங்க."

வண்டியில் போகும்போதே கறுப்புப் புகை தெரிந்தது. மரம், சருகு எரிந்தால் புகை வேறு மாதிரி இருக்கும். இது தார் போல, கெட்டியாக, மேலே எழும்பாமல் சுவரைத் தாண்டிச் சரிந்து இறங்கியது. தீயணைப்பு வண்டி பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டும். கிளம்பிவிட்டோம், அரை மணி நேரமாகும் என்றார்கள்.

இரண்டு இடம். ஒரு ஆள். தீ இருக்கும் இடத்துக்குத்தான் எல்லோரின் காலும் தானாகப் போகும். நான் மாதம்மாளிடம், "யாரும் கிட்டப் போகாதீங்க, வண்டி வர்ற வரைக்கும் தள்ளி நில்லுங்க" என்று கத்திவிட்டுப் பள்ளிக்குள் ஓடினேன். அன்று நான் செய்த காரியங்களில் இன்றைக்கும் சரி என்று எனக்குத் தோன்றுவது அது ஒன்றுதான்.

தேர்வுக்குப் பொறுப்பாக வேறு ஊரிலிருந்து ஒரு தலைமையாசிரியை வந்திருந்தார். கழுத்தில் கண்ணாடி தொங்க, காதில் போனை வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றிருந்தார். ஜன்னல்களைச் சாத்தச் சொல்லியிருந்தார். சாத்திய ஜன்னலின் இடுக்கு வழியாகவே புகை உள்ளே போய்க்கொண்டிருந்தது. உள்ளே இருமல் சத்தம். ஆனால் ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. இருமிக்கொண்டே எழுதினார்கள்.

"மேடம், பிள்ளைங்கள வெளிய கொண்டு போயிரணும்" என்றேன்.

"மாவட்ட அலுவலகத்துக்கு லைன் கிடைக்கல சார். கேக்காம நான் ஹாலை விட்டு யாரையும் அனுப்ப முடியாது. பேப்பர் நடந்துட்டு இருக்கு. கேன்சல் ஆயிருச்சுன்னா இத்தன பிள்ளைங்களுக்கும் யார் பதில் சொல்றது?"

"புகை நிக்கற வரைக்கும் காத்திருந்தா?"

"எவ்வளவு நேரத்துல நிக்கும்? நீங்க சொல்லுங்க."

எனக்குத் தெரியாது. பாலிதீன் தீயைத் தண்ணீர் ஊற்றி உடனே அணைத்துவிட முடியாது என்பது மட்டும் தெரியும். மதியம் வரை புகையும் என்று சொன்னேன்.

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். "நீங்க எழுதித் தருவீங்களா?"

சட்டைப் பையில் கொசு மருந்து அடிக்கும் வார்டு அட்டவணை இருந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதினேன். உரக்கிடங்கில் பிளாஸ்டிக் எரிவதால் வரும் புகை மாணவிகளின் உயிருக்கு ஆபத்தானது, உடனே இடம் மாற்றுமாறு சுகாதாரப் பொறுப்பில் உள்ள நான் அறிவுறுத்துகிறேன், இதற்கு நானே பொறுப்பு. கையெழுத்து, பதவி, நேரம். அவர் அதை ஒரு தடவை படித்து, மடித்து, கைப்பைக்குள் வைத்தார். அதற்குப் பிறகு அவரிடம் ஒரு தயக்கமும் இல்லை.

சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். காவலாளியிடம் சாவி இருந்தது. ஒவ்வொரு அறையாக வெளியே வந்தார்கள். விடைத்தாளை மார்போடு அணைத்துக்கொண்டு, துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, வரிசையாக. வரிசைக்கு இரண்டு பக்கமும் கண்காணிப்பாளர்கள். யாரும் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், யாரும் பேசவில்லை. சாலையில் இரண்டு பக்கமும் பேருந்தை நிறுத்திவிட்டோம். பயணிகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். அத்தனை பேர் நடந்தும் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பந்தி மேசைகளில் உட்கார்ந்து எழுதினார்கள். இழந்த நேரத்தைக் கூடுதலாகக் கொடுக்க மாவட்டத்திலிருந்து அனுமதி வந்தது. இளைப்பு உள்ள ஒரு பெண் மட்டும் மூச்சுவிட முடியாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். அந்தப் பாடத்தை அவள் அடுத்து வந்த துணைத் தேர்வில்தான் எழுதினாள். தேறிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

நான் சுவரின் இந்தப் பக்கம் திரும்பி வந்தபோது தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. மாதம்மாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வலது கையை வாளித் தண்ணீரில் விட்டிருந்தார். நான் சொன்னதை அவர் கேட்கவில்லை. கும்பியின் மேற்கு முனையில் இன்னும் பிடிக்காத கட்டுகள் இருந்தன. அதைத் தாண்டிக் கொட்டகை, கொட்டகைக்குள் அட்டையும் சாக்கும். அவரும் நான்கு பெண்களுமாக குப்பை அள்ளும் நீளக் காம்பு முள்வாரியால் கட்டுகளை இழுத்து நடுவில் ஒரு இடைவெளி உண்டாக்கியிருக்கிறார்கள். கொட்டகை பிழைத்தது. உருகிய பாலிதீன் அவர் முழங்கை வரை சொட்டியிருந்தது.

"ஏம்மா, கிட்டப் போகாதீங்கன்னு சொன்னேனே."

"சொன்னீங்க சார்" என்றார்.

அவ்வளவுதான் பேசினோம். மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் சொன்னதை இரண்டு பேருமே சொல்லவில்லை.

மாலை நான்கு மணிக்குச் செயல் அலுவலர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். என்னைவிட வயதில் இளையவர், கெட்டவர் இல்லை. பள்ளியில் நான் செய்ததை ஆட்சியர் அலுவலகத்திலிருந்து பாராட்டினார்களாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"பொதுத்தேர்வு சம்பந்தப்பட்டதால போலீஸ்ல புகாரும் குடுக்கணும் சார். அறிக்கை அஞ்சு மணிக்குள்ள போகணும். காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அத வெறுமனே வுட முடியாது."

காரணம் இன்றைக்கு வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. கும்பிக்குள் ஈரக்குப்பை கலந்து சூடேறியிருக்கலாம். உடைந்த கண்ணாடியில் வெயில் பட்டிருக்கலாம். ஆனால் கும்பி ஏன் அங்கே இருந்தது என்பது எனக்குத் தெரியும். என் வாய்மொழி உத்தரவால் இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மேலதிகாரி இருந்தார். அறிக்கை எழுதுவதில் கெட்டிக்காரர். யாரையும் வேலையிலிருந்து போகவிட்டதில்லை, யார் மேலும் பழி போட்டதில்லை. 'தம்பி, அறிக்கை யாருக்கும் வலிக்காம இருக்கணும். எப்பவும் ஒரு அடையாளம் தெரியாத நபர கையில வெச்சுக்க. அவனுக்குப் பொண்டாட்டி பிள்ளை கிடையாது, மேல்முறையீடு கிடையாது' என்பார். அவரை நான் மிகவும் மதித்தேன். இப்போதும் அவர் நல்ல மனிதர் என்றுதான் நினைக்கிறேன். அவர் சொல்லிக்கொடுத்த அந்த வாக்கியத்தை என் பணிக்காலத்தில் எத்தனை தடவை எழுதினேன் என்று நினைவில்லை. உடைந்த குழாய், காணாமல்போன மூடி, எரிந்த குப்பைத்தொட்டி எல்லாவற்றுக்கும் அந்த நபர்தான்.

அன்றைக்கும் எழுதினேன். உரக்கிடங்குக்குள் அனுமதியின்றி நுழைந்த அடையாளம் தெரியாத நபர் அணைக்காமல் வீசிய பீடித்துண்டால் தீ ஏற்பட்டிருக்கலாம் என்று தெரிய வருகிறது. காலையில் ஆபத்துக்கு நடுவே 'நானே பொறுப்பு' என்று எழுதினேன். மாலையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே இதையும் எழுதியது அதே கைதான். செயல் அலுவலர் படித்துப் பார்த்து, "இது போதும் சார்" என்றார்.

இரண்டு நாள் கழித்து, கையில் கட்டோடு மாதம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். விடுப்பில் இருந்தவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சென்னப்பன போலீசு புடிச்சுட்டுப் போயிருச்சுங்க."

சென்னப்பனை எனக்குத் தெரியும். ஊருக்கு வெளியே கொட்டாய் போட்டுத் தனியாக இருந்தவர். காலையில் உரக்கிடங்குப் பக்கம் வந்து, நாங்கள் ஒதுக்கிப் போடும் பாட்டிலையும் தகரத்தையும் பொறுக்கிப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோவார். அனுமதி என்று தாளில் எதுவும் இல்லை. நான் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தேன். பீடி குடிப்பார்.

"எதுக்குப் புடிச்சாங்க?"

"அவருதான் பீடி போட்டாருன்னு. நெருப்பு புடிச்ச அன்னைக்கி அவரு இந்த ஊருலயே இல்லீங்க சார். ஏரியூர்ல அக்கா வூட்டுக்குப் போயிருந்தாருங்க. சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. நீங்க எழுதிக் குடுத்தீங்களாமே?"

"நான் அவர் பேரை எழுதலம்மா. யார் பேரையும் எழுதல."

மாதம்மாள் என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். இவருக்கு இது விளங்கவில்லையே என்கிற அலுப்பு.

"நீங்க பேரு எழுதாம வுட்டதாலதான சார் அவங்க ஒரு பேரத் தேடுனாங்க. அங்க அனுமதி இல்லாம வர்றது வேற யாருங்க? பீடி குடிக்கறது வேற யாருங்க?"

நான் எழுதிய வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை படித்துப் பார்த்தேன். அதில் ஒரு ஆளுக்கு வேண்டிய அடையாளம் எல்லாமே இருந்தது.

தம்பிகளே, தங்கைகளே, இப்போது நான் எழுந்து காவல் நிலையத்துக்கு ஓடினேன் என்று எழுத ஆசைதான். நான் ஓடவில்லை. "நான் பாத்துக்கறேன், நீங்க போங்க" என்று மாதம்மாளை அனுப்பினேன். எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. உண்மையைச் சொன்னால் ஆய்வுக் குழுவுக்குக் காட்டிய பச்சை வலையும் வெளியே வரும், செயல் அலுவலரும் மாட்டுவார். ஒருவேளை இன்றைக்கு விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று பகல் முழுக்கக் கொசு மருந்துப் பதிவேட்டைச் சரிபார்த்தேன். தேவையே இல்லாத வேலை.

மறுநாள் பத்து மணிக்குத்தான் போனேன். உதவி ஆய்வாளர் எழுந்து நின்று வரவேற்றார். பள்ளிப் பிள்ளைகளைக் காப்பாற்றியவர் என்று பக்கத்தில் இருந்த காவலரிடம் என்னை அறிமுகம் செய்தார். நான் நின்றபடியே சொன்னேன். கும்பியை அங்கே வைக்கச் சொன்னது நான்தான், எச்சரித்தும் எடுக்கவில்லை, பீடி என்பதை நான் பார்க்கவுமில்லை, யாரும் பார்த்ததாகச் சொல்லவுமில்லை, வழக்கமாக எழுதுவதை எழுதிவிட்டேன்.

அவர் உட்கார்ந்தார். பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தார்.

"இத நேத்து வந்து சொல்லியிருந்தீங்கன்னா இப்படியே வூட்டுக்கு அனுப்பி இருப்பனுங்க சார். நேத்து சாயங்காலம் கோர்ட்டுல நிறுத்தியாச்சு. ரிமாண்டு. இனி என் கையில இல்லைங்க."

ஒரு பகல். கொசு மருந்துப் பதிவேட்டோடு நான் உட்கார்ந்திருந்த அந்த ஒரு பகல், சென்னப்பனுக்குக் கிளைச் சிறையில் பதினோரு நாளானது. என் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தேன். ஒரு வழக்கறிஞரைப் பிடித்து ஜாமீன் மனு போட்டோம். ஏரியூரிலிருந்து அவர் அக்கா வந்து, கோர்ட்டு வாசலில் யாரைப் பார்த்தாலும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். வழக்கு பல மாதம் கழித்து ஆதாரம் இல்லை என்று முடிக்கப்பட்டது. ஆனால் பதினோரு நாள் பதினோரு நாள்தான்.

திருத்திய அறிக்கையைக் கொடுத்தபோது செயல் அலுவலர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலீஸ்ல சொல்லியிருக்கலாம் சார்" என்றார். கேட்டிருந்தால் போயிருக்க மாட்டேன், அதனால்தான் கேட்கவில்லை என்றேன். அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த வரை அலுவல் விஷயம் தவிர அவர் என்னிடம் எதுவும் பேசியதில்லை. அவர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அவருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

எனக்கு 17-பி குறிப்பாணை வந்தது. பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு அது, விசாரணை முடியும் வரை தூக்கம் இருக்காது. அது முடிய என் ஓய்வுக்கு முந்தைய மாதம் ஆனது. கடைசியில் கண்டனத்தோடு விட்டார்கள். பிரிவு உபசார விழாவில் பள்ளிப் பிள்ளைகளை நான் காப்பாற்றிய கதையை மூன்று பேர் சொன்னார்கள். சென்னப்பனைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மரியாதை கருதித்தான். மாதம்மாள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வலது கையை இன்னும் முழுதாக நீட்ட முடியாது அவருக்கு. கட்டுகள் இப்போது கூறு கூறாக, வண்டி போக இடைவெளி விட்டு, பள்ளிச் சுவரிலிருந்து விலகி இருக்கின்றன. அது என் உத்தரவு என்று கோப்பில் இருக்கிறது. யாருடைய சொல் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒன்றை விட்டுவிட்டேன். சென்னப்பன் ஜாமீனில் வெளியே வந்த அன்று நான் கிளைச் சிறை வாசலுக்குப் போயிருந்தேன். தாடி வளர்ந்து, கண் உள்ளே போயிருந்தது. என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். நான்தான் வழக்கறிஞரைப் பிடித்தேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் நடந்ததை நான் சொல்லியிருக்க வேண்டும். அக்கா பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். கும்பிட்ட கையைப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கோங்க என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் ஊர்ப் பக்கம் வரவில்லை.

போன தை மாதம் கடத்தூர் சந்தைக்குப் போயிருந்தேன். தக்காளிக் கூடை இறக்கும் இடத்தில் அவரைப் பார்த்தேன். முடி நரைத்திருந்தது, ஆனால் உடம்பு தேறியிருந்தது. மூட்டை தூக்குகிறாராம். அக்கா வீட்டிலிருந்து போய் வருகிறாராம். டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். இந்தத் தடவை டீ வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்து, சொல்லிவிட்டேன். அந்த வாக்கியத்தை எழுதியது நான். ஒரு நாள் தாமதமாக வந்ததும் நான்.

"தெரியுமுங்க சார்" என்றார். "மாதம்மா அப்பவே சொல்லுச்சுங்க."

"தெரிஞ்சப்பவே ஒரு வார்த்த திட்டியிருக்கலாமே."

"திட்டி என்னங்க ஆகப் போகுது." டீயை ஆற்றிக் குடித்தார். "நீங்களாச்சும் வந்து சொன்னீங்க. எனக்கு வெசனமெல்லாம் வேறங்க. ஏரியூர் போன பஸ்சு டிக்கெட்ட அன்னைக்கி எறங்கற எடத்துலயே கிழிச்சுப் போட்டுட்டனுங்க. அது மட்டும் கையில இருந்திருந்தா, இந்தா பாருங்கன்னு காட்டியிருப்பனுல்லங்க?"

இருந்திருந்தாலும் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

"இப்பல்லாம் டிக்கெட்டக் கிழிச்சுப் போடறதில்லீங்க" என்று சொல்லிச் சட்டைப் பையிலிருந்து ஒரு பாலிதீன் கவரை எடுத்தார். ரப்பர் பேண்டைக் கழற்றினார். உள்ளே பேருந்து டிக்கெட்டுகள். தினமும் போன டிக்கெட், வந்த டிக்கெட், தேதி வரிசையில் அடுக்கியிருந்தார். மேலே இருந்தது அன்று காலையுடையது. "எந்த ஊருல எது நடந்தாலும், நான் எங்க இருந்தேன்னு கேட்டாங்கன்னா காட்டணுமில்லீங்க."

நான் வாங்கிப் பார்த்தேன். முதல் பத்துப் பதினைந்தில் தேதியும் ஊரும் தெரிந்தன. அதற்குக் கீழே மை மங்கிக்கொண்டே போனது. மெஷினில் அடிக்கும் டிக்கெட் அப்படித்தான், சில மாதம்கூடத் தாங்காது. அடியில் இருந்தவை எல்லாம் ஒன்றும் இல்லாத வெள்ளைத் தாள்கள். அவற்றையும் அவர் ஓரம் மடங்காமல் வைத்திருந்தார்.

மை போனதை அவரிடம் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகத் தட்டிச் சமமாக்கி, கவருக்குள் வைத்து, ரப்பர் பேண்ட் போட்டு, பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கூடை இறக்கப் போனார்.